மறு: இன்சுலின் எதிர்ப்பா, மந்தமா?

எல்லோருக்கும் வணக்கம்.

இன்சுலின் சொல்வதை உடல் சரிவரக் கேளாத நிலையை (insulin resistance) 'இன்சுலின் மந்தம்' என்போம் என்று எழுதியிருந்தேன். 'இன்சுலின் எதிர்ப்பு' ஊன்றிவிட்ட சொல், அதில் ஏன் கைவைப்பான் என்று கேட்டிருந்தீர்கள். போன மாதம் வரை நானும் அந்தப் பக்கம்தான். சீனி வருத்தம் (நீரிழிவு) பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் எழுதி, இங்கே உப்புவெளியில் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விரல் வைத்து வாசித்தவர், "எதிர்ப்பு இருக்கெண்டா நல்லதுதானே தம்பி?" என்றார். கோவிட் காலத்தில் 'நோய் எதிர்ப்புச் சக்தி' காதில் விழாத நாள் உண்டா? அவரில் பிழையில்லை. 'இன்சுலின் தடை' என்றாலோ, பார்மசியில் இன்சுலின் கிடைக்காது போலிருக்கிறது.

என் பெரிய குறை வேறு. எதிர்ப்பு என்றால் அடியோடு மறுப்பது. குருதிக்குழாயில் நடப்பது அதுவல்ல. குழாயின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் அகவணிக் கலங்களில் (endothelial cells) இன்சுலின் இரண்டு வேலை செய்கிறது. ஒரு வழியில் நைத்திரிக் ஒட்சைட்டு உண்டாகிக் குழாய் விரியும். தசையின் நுண்குழாய்களுக்குள் குருதி பாய்ந்து, சீனியும் இன்சுலினும் தசைக்குப் போய்ச் சேரும். மற்ற வழியில் எண்டோதெலின் என்ற பொருள் சுரந்து குழாய் சுருங்கும். இரண்டாம் வகை நீரிழிவில் மங்குவது முதல் வழிதான். மற்றது பெரும்பாலும் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு, ஈடுகட்ட உடல் கூடுதலாகச் சுரக்கும் இன்சுலின் சுருக்கும் வழியைத்தான் இன்னும் உசுப்புகிறது. சில சொல் மட்டும் விழாத காது மாதிரி. செவிமந்தம் என்கிறோமே, அதுபோல 'இன்சுலின் மந்தம்' என்றேன். மந்தம் இன்சுலினுக்கா கலத்துக்கா என்று நம் குழுவில் அக்கா கேட்டது சரியான கேள்வி. தூண்டல் (stimulus), துலங்கல் (response) நம் பாடநூலில் உள்ளவைதானே. பாடநூலுக்கு 'இன்சுலின் துலங்கல் மந்தம்', ஆச்சிக்கு 'இன்சுலின் மந்தம்'.

அகவணி தன் வேலையைச் சரிவரச் செய்யாத நிலைக்கு (endothelial dysfunction) 'அகவணித் தளர்ச்சி' என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். பின்னாளில் நோபல் பெற்ற அமெரிக்க மருந்தியலாளர் பேர்ச்கொட் (Furchgott) 1980இல் முயலின் பெருநாடித் துண்டில் காட்டியதே, அகவணி உரிந்துபோனால் குழாயைத் தளர்த்தும் அசற்றைல்கோலின் கொடுத்தும் குழாய் தளராது என்பதுதான். தளர முடியாததற்குத் தளர்ச்சி என்றா பெயர்? 'செயலிழப்பு' சிறுநீரகத்துக்குச் சொல்வது. இங்கே கதை அவ்வளவு தூரம் போகவில்லை. 'அகவணிச் செயற்குறைவு' போதும்.

அப்புறம் 'இரத்த நாளம்'. தமிழக நண்பர்களே, உங்கள் தமனியும் சிரையும் எங்களுக்கு நாடியும் நாளமும். 'நாளம் விரியவில்லை' என்று திருகோணமலைப் பிள்ளை வாசித்தால், இரத்தம் எடுக்க ஊசி ஏற்றும் குழாயைத்தான் நினைக்கும். எங்கள் 'குருதிக்கலன்' மட்டும் திறமா? கலம் என்றால் உங்கள் செல். ஒரு எழுத்து பிசகி, என் துண்டுப்பிரசுரத்திலேயே அது 'குருதிக்கலம்' என்று அச்சாகி வந்தது. அதனால்தான் மேலே 'குருதிக்குழாய்' என்றே எழுதி வந்திருக்கிறேன். யாருக்கும் இடறியதா?

திருத்திய தாளை வெள்ளிக்கிழமை ஆச்சியிடம் கொடுக்கிறேன். அதற்குள் இதைவிட நல்ல சொல் வந்தால் மாற்ற ஆயத்தம்.