‘அப்பாரு வீடு’ வாட்ஸ்அப் குழு: எந்த ஆப்ல பாட்டு நல்லா கேக்குது?

14 டிசம்பர் 2025, ஞாயிறு

பெரியப்பா (காலை 6:48): எல்லாருக்கும் காலை வணக்கம். ஒரு யோசனை வேணும். பேத்தி ஆப்பிள் மியூசிக்க இலவசத் தவணைல போட்டுக் குடுத்திருக்கா. ஸ்பாட்டிஃபை ஏற்கெனவே இருக்கு. ரெண்டுக்கும் பணம் கட்டறதுல எனக்கு மனசில்ல. ஒரே பாட்ட ரெண்டுலயும் மாத்தி மாத்திப் போட்டுக் கேட்டேன். ஆப்பிள்ல ‘லாஸ்லெஸ்’னு, அதாவது பாட்டுல ஒண்ணும் இழக்காத தரம்னு, எழுதியே காட்டுது. ஆனா பாடறவங்க பக்கத்து ரூமுல நின்னு பாடற மாதிரி இருக்கு. ஸ்பாட்டிஃபைல கொரலு முன்னாடி வந்து நிக்குது. எங்காது போயிருச்சா, இல்ல நெசமாவே வித்தியாசமா?

சித்தப்பா (காலை 7:05): அண்ணா, நான் யூட்யூப்லயேதான் கேக்கறேன். நல்லாத்தான இருக்கு.

பெரியப்பா (காலை 7:06): உங்கிட்ட பெரிய ஸ்பீக்கர ஓட்டற ஆம்ப் இல்லையே தம்பி.

நான் (காலை 8:31): பெரியப்பா, போன்ல இருந்து ஆம்ப்புக்குப் பாட்டு எப்படிப் போகுதுங்க? அந்த சின்ன ப்ளூடூத் டப்பா வழியாவா?

பெரியப்பா (காலை 8:33): ஆமா கண்ணு. மராண்ட்ஸ் ஆம்ப்புக்குப் பின்னாடி சொருகி வச்சிருக்கறது.

நான் (காலை 8:40): அப்ப முதல்ல அத விடுவோம். ப்ளூடூத்ல லாஸ்லெஸ் வராதுன்னு ஆப்பிளே சொல்லுது. ப்ளூடூத்ல பாட்ட அனுப்ப ஐபோனுக்குத் தெரிஞ்ச சுருக்கற முறை எஸ்பிசி, ஏஏசி ரெண்டுதான். ஆப்ல இருந்து எவ்வளவு பெரிய ஃபைல் வந்தாலும், போன் அத மறுபடி சுருக்கித்தான் டப்பாவுக்கு அனுப்பும். தேங்காய்ல முதல் பால் எடுத்து வச்சிட்டு ரெண்டாம் பால்ல கொழம்பு வச்ச கத. ரெண்டு ஆப்புக்கும் அதே கதிதான், அதனால இப்ப நீங்க கேக்கற வித்தியாசம் லாஸ்லெஸ்ஸோட வித்தியாசமா இருக்க முடியாது.

நான் (காலை 8:41): போன்ல ஹெட்போன் சொருகறதுக்கு ஆப்பிள் ஒரு சின்ன வயர் விக்கறாங்க. அதுக்குள்ளயே டாக் (டிஜிட்டல் பாட்ட ஆம்ப்புக்கு ஏத்த சிக்னலா மாத்தற சிப்பு) இருக்கு, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரம் வரைக்கும் போகும். அதுல இருந்து ஆர்சிஏ வயர் போட்டு ஆம்ப்ல சொருகிருங்க. பெருசா ஒண்ணும் வாங்க வேண்டாம்.

சித்தப்பா (காலை 9:15): லாஸ்லெஸ்னா நெட்டு தீந்துராதா?

நான் (காலை 9:22): வீட்டு வைஃபைல கவலையில்லைங்க சித்தப்பா. ஸ்பாட்டிஃபைல செகண்டுக்கு 320 கிலோபிட்னா 3 நிமிசப் பாட்டு 7 எம்பி சொச்சம். சிடி தரம்னா செகண்டுக்கு 1411 கிலோபிட், சுருக்காம வச்சா அதே பாட்டு 32 எம்பி கிட்ட. லாஸ்லெஸ்ல அதையே ஒண்ணும் இழக்காம மடிச்சு வைக்கறாங்க, அதனால அதுக்கும் கம்மியாத்தான் வரும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் போனாத்தான் ஒரு பாட்டு 145 எம்பி வரைக்கும் ஆகும். வெளிய போறப்ப மொபைல் டேட்டால அத மட்டும் அணைச்சு வச்சுக்கலாம்.

அக்கா, லண்டன் (மதியம் 1:10): இப்பத்தான் எந்திரிச்சேன். அப்பா, இங்க நான் கோபுஸ்ங்கற பாட்டு ஆப் வச்சிருக்கேன், அதுல பாட்ட வெலைக்கு வாங்கி எறக்கியும் வச்சுக்கலாம். ஆனா கோபுஸும், அதே மாதிரி இருக்கற டைடல் ஆப்பும் இந்தியால இன்னும் வரல. அதனால உங்க ரெண்டு ஆப்புக்குள்ளயே முடிவு பண்ணுங்க. ஆப்பிள் 2021 ஜூன்லயே லாஸ்லெஸ் குடுத்துட்டாங்க, தனிக் காசு இல்ல. ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பர்லதான் ஆரம்பிச்சாங்க. அங்க அது பிளாட்டினம் பிளான்லதான் வருது. பிளான் இருந்தாலும் ஒவ்வொரு போன்லயும் செட்டிங்ஸ் போயி நாமதான் ‘லாஸ்லெஸ்’னு மாத்தணும்.

பெரியப்பா (மதியம் 1:25): பிளாட்டினம்தான் போட்டிருக்கேன். செட்டிங்ஸ் தொடவேயில்ல. அப்ப நான் கேட்டு நல்லாயிருக்குன்னு சொன்னது லாஸ்லெஸ்ஸே இல்லையா?

அக்கா, லண்டன் (மதியம் 1:27): இல்லப்பா. ஆனா அது நல்லாயிருந்துச்சுன்னு நீங்க சொன்னது பொய்யில்லையே.

21 டிசம்பர் 2025, ஞாயிறு

பெரியப்பா (காலை 10:02): வயரு வந்துருச்சு. மாட்டிட்டேன். டப்பாவோட இரைச்சல் போயிருச்சு, பாட்டு நிக்கற எடத்துல அமைதி தெரியுது. ஸ்பாட்டிஃபைலயும் லாஸ்லெஸ் மாத்திட்டேன். ஆனாலும் ஆப்பிள்ல கொரலு இன்னும் தூரமாத்தான் கேக்குது. புதுப் பாட்டுலதான் ரொம்ப. இன்னொண்ணு, சிடி பிளேயர் ரெண்டையும் விட நல்லா கேக்குது.

நான் (காலை 10:15): சிடி பிளேயர் 2 வோல்ட் குடுக்கும், இந்த வயரு சுமாரா 1 வோல்ட். அதுவே 6 டெசிபல் வித்தியாசம். சத்தம் கொஞ்சம் கூடினாலே நம்ம காது அத ‘நல்ல சவுண்டு’ன்னுதான் எடுத்துக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். ஆம்ப்ல திருகி சமம் பண்ணிக் கேட்டாத்தான் நியாயம்.

நான் (காலை 10:18): புதுப் பாட்டு சமாச்சாரம் வேற. ஆப்பிள் செட்டிங்ஸ்ல ‘டால்பி அட்மாஸ்’ எதுல இருக்குன்னு பாருங்க.

பெரியப்பா (காலை 10:24): ‘ஆல்வேஸ் ஆன்’னு இருக்கு. நான் வைக்கலயே.

அக்கா, லண்டன் (மதியம் 12:40): உங்க பேத்திதான் வச்சிருப்பா, அவ ஹெட்போனுக்கு அது புடிக்கும்.

நான் (மதியம் 12:52): இதுதான் பெரியப்பா. அட்மாஸ்ங்கறது அதே பாட்டோட வேற மிக்ஸ். கொரல எங்க வைக்கணும், வயலின எங்க வைக்கணும்னு எல்லாத்தையும் புதுசா பிரிச்சு வைப்பாங்க. நம்மகிட்ட இருக்கறது ரெண்டே ஸ்பீக்கர். அதுல அந்த மிக்ஸக் கொண்டுவந்து எறக்கறப்ப கொரலு பின்னாடி போறது சகஜம். அட்மாஸ்ல வர்றது லாஸ்லெஸ்ஸும் இல்ல. ‘ஆஃப்’ போட்டுட்டு அதே பாட்டக் கேளுங்க.

பெரியப்பா (மதியம் 1:30): கேட்டேன் கண்ணு. கொரலு வந்துருச்சு. ஒரு வாரமா ஆப்பிளத் திட்டிட்டு இருந்தேன்.

பெரியப்பா (மதியம் 1:31): இப்ப ரெண்டும் பக்கம் பக்கம். ஆனா ஸ்பாட்டிஃபை ஒரு பிடி அதிகமா நெறஞ்சு கேக்குது. அம்மாவுக்குப் புடிச்ச அந்தப் பாட்டுல மட்டும் ஆப்பிள்தான். இத நான் அடிச்சுச் சொல்வேன்.

சித்தப்பா (மதியம் 2:10): பொங்கலுக்கு வர்றப்ப மல்டிமீட்டர் எடுத்துட்டு வர்றேன். அளந்தே பாத்துரலாம்.

17 ஜனவரி 2026, சனி

(இன்னைக்குக் காலைல பெரியப்பா வீட்ல நடந்தத, வர முடியாதவங்களுக்காக எழுதறேன்.)

நான் (மாலை 4:20): அக்கா, முழுசா சொல்றேன். முதல் வேல சத்தத்தச் சமம் பண்றது. பாட்டு ஏறி எறங்கும், மீட்டர் முள்ளு ஒரு எடத்துல நிக்காது. அத்தைதான் சொன்னாங்க, தம்புரா போடுன்னு. ரெண்டு ஆப்லயும் இருக்கற ஒரே தம்புரா ஸ்ருதியப் போட்டு, ஸ்பீக்கர் முனைல சித்தப்பா மீட்டர் வச்சாரு. ஆப்பிள்ல 0.80 வோல்ட். ஸ்பாட்டிஃபைல 1.00. ஆம்ப்ல கையே வைக்கல.

அக்கா, லண்டன் (மாலை 4:24): அது 2 டெசிபல் ஆச்சே.

நான் (மாலை 4:29): அதேதான். ரெண்டு ஆப்பும் பாட்டுக்குப் பாட்டு சத்தத்த ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருது. டெசிபல் கணக்குல ஸ்பாட்டிஃபையோட மட்டம் -14, ஆப்பிளோடது -16, அதாவது 2 கம்மி. பெரியப்பா சொன்ன ‘ஒரு பிடி அதிகமா நெறஞ்சு’ இதுதான். அங்க ‘நார்மலைசேஷன்’, இங்க ‘சவுண்ட் செக்’, ரெண்டையும் அணைச்சோம். மறுபடி வச்சா ரெண்டும் ஒரே வோல்ட்.

சித்தப்பா (மாலை 4:33): 0.91. ரெண்டு தடவ பாத்தேன்.

நான் (மாலை 4:41): அப்புறம் கண்ணு மறைச்ச சோதன. பெரியப்பா சேர்ல, போன் நம்ம கைல, காசு சுண்டிப் போட்டு எதுன்னு முடிவு பண்ணி 10 தடவ. முதல்ல ஸ்பாட்டிஃபைக்குள்ளயே 320-க்கும் லாஸ்லெஸ்ஸுக்கும். பெரியப்பா 10-க்கு 6 சொன்னாரு. கண்ண மூடிட்டுச் சொன்னாலே 5 வரும். 8-ஆவது வந்தாத்தான் பேசலாம், ஏன்னா குருட்டாம்போக்குல 8 இல்ல அதுக்கு மேல வர்றதுக்கு 1024-ல 56 வாய்ப்புதான். நானும் ஒக்காந்தேன், எனக்கு 5.

பெரியப்பா (மாலை 4:44): ஒத்துக்கறேன். நல்ல 320-க்கும் லாஸ்லெஸ்ஸுக்கும் எங்காதுல வித்தியாசம் புடிபடல. 40 வருசமாக் கேக்கறவன். சொல்ல வருத்தமாத்தான் இருக்கு, ஆனா உண்மைய எழுதணும்.

நான் (மாலை 4:52): அடுத்தது ஆப்பிளும் ஸ்பாட்டிஃபையும், ஆத்தாவுக்குப் புடிச்ச பாட்டு. ரெண்டும் லாஸ்லெஸ், சத்தம் சமம். பெரியப்பா 10-க்கு 9! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எப்படிக் கண்டுபுடிச்சீங்கன்னு கேட்டா ‘ஒண்ணுல அவசரம் இருக்கு’ங்கறாரு.

அத்தை (மாலை 4:58): அண்ணன் அவசரம்னு சொன்னாரு, எனக்கு ஸ்ருதி. ஸ்பாட்டிஃபைல போட்டப்ப பல்லவி எடுத்ததுமே ஒடம்பு சிலுத்துச்சு, ஏதோ சரியில்லன்னு. ஸ்ருதி பாக்ஸ வச்சுப் பாத்தேன். அரைக் கட்டைல பாதி ஏறி நிக்குது. பாடறவங்க கொரலும் அந்த அளவுக்கு இளசாயிருது. அந்தப் பாட்ட அம்மா பாடிப் பாடி எங்காதுல விழுந்த ஸ்ருதி ஒண்ணு இருக்கு. அது ஆப்பிள்லதான் இருந்துச்சு.

அக்கா, லண்டன் (மாலை 5:01): ஆப்பு ஸ்ருதிய மாத்தாதே!

நான் (மாலை 5:09): மாத்தாது. பாட்டோட நீளத்தப் பாத்தோம். ஆப்பிள்ல 4:30, ஸ்பாட்டிஃபைல 4:22. வேகம் 3 சதவீதம் கூடியிருக்கு. 3 சதவீதம்னா சரியா அத்தை சொன்ன அளவு, அரைக் கட்டைல பாதி. பெரியப்பா சேத்து வச்சிருந்தது ஏதோ ஒரு தொகுப்புல இருந்து. எந்த டேப்ல இருந்தோ, எந்த மெஷின்ல இருந்தோ ஏத்தினவங்க வேகத்தச் சரி பாக்கல. அதே ஸ்பாட்டிஃபைல மூலப் பட ஆல்பத்தத் தேடிப் போட்டோம். 4:30. மறுபடி 10 தடவ வச்சா பெரியப்பாவுக்கு 5.

சித்தப்பா (மாலை 5:12): அண்ணன் அதோட விடல. அப்பாரு வாங்கின ரெக்கார்டையே எடுத்துட்டாரு.

பெரியப்பா (மாலை 5:20): எது சரின்னு தெரிய வேண்டாமா. பிளேயர்ல தட்டு ஓரத்துல புள்ளி இருக்கு, விளக்கு வெளிச்சத்துல புள்ளி நகராம நின்னா 33⅓ சரியா ஓடுதுன்னு அர்த்தம். புள்ளிய அப்படி நிறுத்தி வச்சுட்டு ரெக்கார்ட ஓட விட்டேன். தங்கச்சி பாக்ஸ் ஸ்ருதிய அப்படியே வச்சிருந்தா. பாட்டு வந்து அதுமேல ஒக்காந்துச்சு. ரெக்கார்டும் ஆல்பமும் ஒண்ணு. அந்தத் தொகுப்புதான் தப்பு. ரெக்கார்டு ரெண்டு எடத்துல கீறியிருக்கு, ஆனா அதுல அப்பாரு கையெழுத்து இருக்கு.

அத்தை (மாலை 5:22): பென்சில்ல தேதி போட்டிருக்காரு அண்ணா. நான் இத்தன நாள் கவனிக்கல.

அக்கா, லண்டன் (மாலை 5:30): அட்டைய ஃபோட்டோ எடுத்துப் போடுங்க அத்தை, ப்ளீஸ்.

அத்தை (மாலை 5:34): [புகைப்படம்]

அக்கா, லண்டன் (மாலை 5:41): ❤️

நான் (மாலை 6:05): இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். இன்னைக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட பெரிய வித்தியாசம் ஆப்ல இல்ல. ஹால்ல கை தட்டினா கணீர்னு திரும்பி வருது, மொசைக் தரை, வெத்துச் சுவரு. ஸ்பீக்கர் ரெண்டும் ஷோகேஸுக்குள்ள அடைஞ்சு கெடந்துச்சு. வெளிய எடுத்து, சுவத்துல இருந்து ஒன்றரை அடி தள்ளி ஸ்டூல் மேல வச்சோம். பெரியம்மா பீரோல இருந்து பவானி ஜமக்காளத்த எடுத்துக் குடுத்தாங்க, ஸ்பீக்கருக்கும் சேருக்கும் நடுவுல விரிச்சோம். ‘ச’, ‘ஸ’ எல்லாம் சீறிட்டு இருந்தது அடங்கிருச்சு. மிருதங்கத்தோட தொப்பி தனியா, வலந்தலை தனியா கேட்டுச்சு. இதுக்குச் சோதனையே தேவைப்படல.

பெரியம்மா (மாலை 6:11): எனக்கே தெரிஞ்சுது. ஜமக்காளம் அங்கயே இருக்கட்டும்.

18 ஜனவரி 2026, ஞாயிறு

பெரியப்பா (காலை 6:30): முடிவு பண்ணிட்டேன். ஆப்பிள மட்டும் வச்சுக்கறேன். சவுண்டுக்காக இல்ல, லாஸ்லெஸ்ஸுக்குத் தனிப் பிளான் கேக்கறதில்ல, அதுக்காக. ஸ்பாட்டிஃபைல சேத்து வச்ச 212 பாட்டையும் ஒண்ணொண்ணா மூல ஆல்பத்துல இருந்து எடுத்துப் புதுசா அடுக்கப் போறேன். தங்கச்சி, சந்தேகம் வந்தா உனக்கு அனுப்பறேன், ஸ்ருதி பாத்துச் சொல்லு.

அத்தை (காலை 6:44): அனுப்புங்கண்ணா. சாயந்தரம் பிள்ளைங்க பாட்டு கிளாஸ் முடிஞ்சதும் பாக்கறேன்.

பெரியப்பா (காலை 6:46): தம்பி, ஸ்பீக்கர் முன்னாடி வந்ததுல எடது பக்க வயரு இழுத்துட்டு நிக்குது. அடுத்த தடவ வர்றப்ப நல்ல செம்பு வயரு 4 மீட்டர் வாங்கிட்டு வா. ரெண்டு பக்கமும் ஒரே நீளமா வெட்டிக்கலாம்.

சித்தப்பா (காலை 7:02): எங்கிட்டயே இருக்கு அண்ணா. புதன்கெழம கொண்டாறேன்.