ரேடான் 47 காட்டியது, நான் மாட்டிக்கொண்டேன் (உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்)

குன்னூரில் வீட்டிலிருந்தே வேலை. பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு ஃபேக்டரியின் பழைய பைத்தான் பில்லிங் புரோகிராம் என் தலையில் வந்து விழுந்தது. இலையை எடை போட்டு, ஈரத்துக்குக் கழித்து, முன்பணம், உரக்கடன் எல்லாம் பிடித்து, கைக்கு எவ்வளவு என்று சொல்வது ஒரே ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் கோடுத் துண்டு). பைத்தான் கோடு எவ்வளவு சிக்கல் என்று எண்ணிச் சொல்லும் ரேடான் என்ற டூலை ஓட்டினேன். 47, எஃப் கிரேடு. 41-ஐத் தொட்டாலே எஃப்தான், அதற்குக் கீழே கிரேடே கிடையாது.

1976-இல் தாமஸ் மெக்கேப் சொன்ன கணக்கு இது. முடிவெடுக்கும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். இஃப் (நிபந்தனை), ஃபார், வைல் (திரும்பத் திரும்ப ஓடும் சுற்று) ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ரேடான் 'அண்ட்', 'ஆர்' வந்தாலும் எண்ணும். நீளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம்ம மலை ரயிலையே எடுங்கள், ஊட்டிக்கு 208 வளைவு. ஆனாலும் தடம் ஒன்றுதானே, மெக்கேப் கணக்கில் வெறும் 1. (ஸ்டேஷன் லூப் லைனை விட்டுவிடுங்கள்.)

ஒரு ஃபங்ஷனுக்கு மெக்கேப் வைத்த வரம்பு 10. நான் நாலு நாள் உட்கார்ந்து அதைப் பதினொரு ஃபங்ஷனாக வெட்டினேன். எல்லாம் ஏ, பி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஜூலை மழையில் வெளுத்தது சாயம். ஒரு பாட்டி சீட்டோடு வந்து நின்றார். "தம்பி, நாப்பது கிலோ போட்டேன், நாலு கிலோ ஈரம் போனா முப்பத்தாறு. இதுல 32.4-ன்னு இருக்கே?" எடை ஃபங்ஷனும் கழித்திருக்கிறது, விலை ஃபங்ஷனும் கழித்திருக்கிறது. பழைய கோடில் 'கழித்தாயிற்று' என்று ஒரு ஃபிளாக் (அடையாளக் குறி) இருந்தது. வெட்டும்போது அது தேவையில்லாத குப்பை என்று நினைத்துத் தூக்கிவிட்டேன். ரேடான் ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனித்தனியாகத்தான் எண்ணும், அவற்றுக்கு நடுவில் நடப்பது அதற்குத் தெரியாது.

47 என்பதை நான் ஃபெயில் மார்க் என்று படித்துவிட்டேன். ஒன்றையொன்று சாராத அடிப்படை வழிகளைச் சோதிக்க அந்த அளவுக்கு டெஸ்ட் வேண்டும் என்றுதான் அது சொன்னது. முதலில் டெஸ்ட், அப்புறம் கத்தரி என்று போயிருக்க வேண்டும்.

— கோத்தகிரியிலிருந்து:
எனக்கு நேர்மாறாக நடந்தது அண்ணா. ஹோம்ஸ்டே வாடகைக்கு ஜாவாவில் மாதத்துக்கு ஒரு கேஸ் (கிளை) வீதம் ஒரு ஸ்விட்ச், பன்னிரண்டு கேஸ். மெக்கேப் கணக்கில் 13, சிவப்பு. ஆனால் அதைச் சின்னப் பையன்கூடப் படித்துவிடுவான். சோனார் என்ற கோடு சோதிக்கும் டூல் தரும் காக்னிடிவ் கணக்கில் (படித்துப் புரிந்துகொள்ள எவ்வளவு கஷ்டம் என்று பார்ப்பது) அதே ஸ்விட்ச் வெறும் 1. அதில் உள்ளுக்குள் போகப் போகத்தான் கூடுதலாக ஏறும். மூன்று இஃப் வரிசையாக இருந்தால் 3, ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால் 1, 2, 3 கூட்டி 6. மெக்கேப்புக்கு இரண்டும் 4தான். என் லீடுக்கு இதைப் புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று.

— உதகையிலிருந்து:
எங்கள் டீமில் 10-க்கு மேல் போனால் பில்டே (கோடைத் தொகுத்து புரோகிராமாக்கும் வேலை) நிற்கும். ஒருவர் இஃப்களை எல்லாம் ஒரு டிக்ஷனரிக்குள் (அட்டவணை மாதிரி) மடித்து வைத்தார். எண் 3 ஆனது. ஆறு மாதம் கழித்து அந்த ஃபைலைத் திறந்தபோது அவருக்கே புரியவில்லை. குன்னூர்க்காரரே, பாட்டி கதை என்ன ஆயிற்று?

— குன்னூர் மறுபடி:
3.6 கிலோவுக்கான காசு அடுத்த வாரமே போய்விட்டது. இப்போது 29 டெஸ்ட் எழுதியிருக்கிறேன். பாட்டி மட்டும் ஒவ்வொரு சீட்டையும் கவுண்டரிலேயே கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.