செம்பரம்பாக்கத்தை 22 அடியிலேயே திறப்பது ஏன்?

மணப்பாக்கம்வாசி:
அனைவருக்கும் வணக்கம். சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. ஆனால் 2020 நவம்பரில் நிவர் புயலின்போது நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதுமே முதலில் வினாடிக்கு 1000 கன அடி திறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. இரண்டு அடி நீரைக் கடலுக்கு அனுப்புவது வீண் இல்லையா? வெள்ளத்தைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால், அக்டோபரிலேயே ஏரியைப் பாதியாகக் குறைத்து வைக்கலாமே? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஏரிக்கரையான்:
இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த ஏரி நிரம்புவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையால்தான். அக்டோபரில் பாதியாக்கிவிட்டு, நவம்பர், டிசம்பரில் மழை பொய்த்தால் அடுத்த கோடையில் நகரம் லாரிகளின் பின்னால் ஓட வேண்டியிருக்கும்.

இனி அந்த இரண்டு அடி. ஏரி மேலே போகப் போக அகலம் என்பதால், கடைசி இரண்டு அடியில் மட்டும் ஏறத்தாழ 600 மில்லியன் கன அடி, அதாவது மொத்தக் கொள்ளளவில் ஆறில் ஒரு பங்கு, அடங்குகிறது. வினாடிக்கு 1000 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் நீர் வந்தால் 86.4 மில்லியன் கன அடி சேரும். எனவே 7000 கன அடி வரத்து இருந்தால் அந்த இடைவெளி ஒரே நாளில் நிரம்பிவிடும். 2015 சென்னைப் பெருவெள்ளத்தின்போது, டிசம்பர் 1, 2 தேதிகளில் ஏரியிலிருந்து வெளியேறியது வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி. அந்த அளவுக்கு வரத்து இருந்தால் ஆறு மணி நேரம்கூடத் தாங்காது. கரை மண்கரை என்பதால் அதற்கு மேல் வழிய விடவும் முடியாது. அதனால்தான் புயல் வருவதற்கு முன்பே, ஆறு தாங்கும் அளவில், சிறிது சிறிதாக விடுகிறார்கள். 1000 கன அடியை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தணிக்கை வாசகர்:
ஏரிக்கரையானின் கணக்கு சரி, ஆனால் அதை வைத்தே 2015-ஐ நியாயப்படுத்திவிடக் கூடாது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அதை மனிதர்களால் ஏற்பட்ட பேரிடர் என்றே குறிப்பிட்டது. 2020-இல் 22 அடியிலேயே திறந்தார்கள் என்றால், அந்த அனுபவம் யாரையும் சும்மா விடவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

முடிச்சூர் குடிமகன்:
ஒரு விஷயம் எப்போதும் விடுபட்டுப் போகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் சிறுகளத்தூர், காவனூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு வழியாக வந்து திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தக் கூடுதுறைக்கு மேலே இருப்பவை. 2015-இல் எங்கள் தெருக்களில் நீர் ஏறியதற்குக் காரணம் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்த 49 செ.மீ. மழையும்தான், அங்கே மதகும் இல்லை, திறக்க ஆளும் இல்லை. ஆனாலும் இங்கே பலர் இன்றும் செம்பரம்பாக்கத்தைத்தான் திட்டுகிறார்கள்!

மணப்பாக்கம்வாசி:
விளக்கங்களுக்கு நன்றி. அப்படியானால் திருநீர்மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் பகுதிக்கு இரண்டு நீரும் சேர்ந்தே வருமா?

ஏரிக்கரையான்:
ஆம். ஆகவே திறந்துவிடும் அளவை மட்டும் பார்க்காதீர்கள். மேல் அடையாற்றில் கனமழை பெய்துகொண்டிருக்கும்போது 3000 கன அடி திறந்தாலும் கவலைதான். மழை விட்ட பிறகு அதே 3000 பெரிய விஷயம் இல்லை. கடல் ஏற்றமும் பட்டினப்பாக்கம் முகத்துவாரத்து மணல் திட்டும் சேர்ந்துகொண்டால் ஆறு வடிவது இன்னும் தாமதமாகும். எச்சரிக்கைச் செய்தி வந்தால், ஏரியின் ஐந்து கண் (ஐந்து திறப்புகள் கொண்ட) மதகு மட்டுமா, பத்தொன்பது கண் மதகும் திறக்கப்படுகிறதா என்று கேட்டறிந்துவிட்டு வண்டியை மேட்டுக்கு ஏற்றுங்கள்.