40 மீட்டரில் 29.39 டிகிரி: தலைகீழ் வெப்பமா, ஸ்ப்ளைன் செய்யும் வேலையா?

கேள்வி: மத்திய வங்காள விரிகுடா, ஏப்ரல் மாதக் குப்பி மாதிரித் தரவு. 0, 25, 50 மீட்டரில் 29.0 டிகிரி, 75-இல் 24.5; 100-இல் 20.0. சைபை (SciPy, பைதான் கணக்கீட்டு நூலகம்) கொண்டு, இயற்கை முனை (இரு கோடியிலும் இரண்டாம் வகைக்கெழு பூஜ்யம்) வைத்து முப்படி ஸ்ப்ளைன், அதாவது புள்ளிகளை இணைக்கும் வழவழப்பான வளைவு, ஓட்டினேன். 14 மீட்டரில் 28.88, 40 மீட்டரில் 29.39 வருகிறது. அரை டிகிரி தலைகீழ் வெப்பம் (மேலே குளிர்ந்தும் கீழே சூடாகவும் இருப்பது) என்று எழுதலாமா?

பதில் 1: எழுத வேண்டாம், அது கணக்கில் பிறந்தது. 50 மீட்டரில் சரிவு பூஜ்யத்திலிருந்து மீட்டருக்கு −0.18 டிகிரிக்குத் தாவுகிறது. ஸ்ப்ளைனோ இரண்டாம் வகைக்கெழுவும் (சரிவு மாறும் வேகம்) தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்கிறது. அந்தத் திருப்பத்துக்கு இடம் தேடி வளைவு முன்கூட்டியே மேலே எழும்பி, அதற்கும் முன்னால் கொஞ்சம் தாழ்கிறது. கையாலேயே சரிபார்க்கலாம்: 25 மீட்டரை ஓரலகாக வைத்தால் 25, 50, 75 மீட்டரில் இரண்டாம் வகைக்கெழுக்கள் 1.93, −7.71, 1.93. உங்கள் 29.39 அப்படியே வரும்.

ஃபிரிட்ச்–கார்ல்சன் (1980) வழியில் வந்த பிசிப் (PCHIP) முறைக்கு மாறுங்கள்; அது தரவில் இல்லாத மேடு பள்ளத்தை உண்டாக்காத முப்படி இடைச்செருகல். இருபக்கச் சரிவில் ஒன்று பூஜ்யமானால் அந்தப் புள்ளியில் சரிவைப் பூஜ்யமாக்கிவிடும். ஆகவே 50 மீட்டர் வரை 29.0 நேர்கோடாக நிற்கும். 60 மீட்டரில் 27.85 கிடைக்கும், நேர்கோட்டு முறையில் 27.2.

பதில் 2: ஒரு எச்சரிக்கை. வடக்கு விரிகுடாவில் குளிர்காலத்தில் தலைகீழ் வெப்பம் நிஜமாகவே உண்டு. கங்கை–பிரம்மபுத்திரா நன்னீர் மேலே மிதப்பதால், மேற்பரப்பு குளிர்ந்தாலும் அடர்த்தி கூடி அமிழ்வதில்லை. எனவே எண்ணைப் பார்த்து மட்டும் தள்ளிவிடாதீர்கள், உப்புத்தன்மைத் தரவையும் எடுங்கள். மேலே உப்பு குறைவாக இல்லையென்றால், மேலுள்ள குளிர்நீர் அங்கே தங்காது. எப்படியிருந்தாலும் 25 மீட்டர் இடைவெளியில் அளக்காத தலைகீழை எந்த முறையாலும் கண்டுபிடிக்க முடியாது.

கேட்டவர்: மாற்றிவிட்டேன். 10 மீட்டர் வெப்பநிலையிலிருந்து 0.2 டிகிரி குறையும் ஆழத்தைக் கலப்பு அடுக்கின் (வெப்பம் சீராகக் கலந்திருக்கும் மேல்நீர்) அடிமட்டமாக எடுத்தால், பிசிப் 53.9 மீட்டர், நேர்கோடு 51.1. எதை எடுப்பது?

பதில் 1: எதை எடுத்தாலும் முறையைக் குறிப்பிடுங்கள், இந்தத் தரவில் 3 மீட்டர் வேறுபாட்டுக்குப் பொருளில்லை. பழைய ஸ்ப்ளைனில் 10 மீட்டர் அடிப்படையே 28.89 ஆகிவிட்டது, அதுதான் பெரிய கோளாறு.

ஆனால் புயல் வெப்ப ஆற்றல் (26 டிகிரிக்கு மேற்பட்ட கடல்நீரில் உள்ள, புயலுக்கு ஊட்டம் தரும் வெப்பம்) கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். 26 டிகிரிக் கோடு நேர்கோட்டில் 66.7, ஸ்ப்ளைனில் 67.9, பிசிப்பில் 68.1 மீட்டர். மேற்பரப்பிலிருந்து அந்த ஆழம் வரை 26 டிகிரியை மீறும் வெப்பநிலையின் தொகை (வளைவின் பரப்பு) முறையே 175, 184, 184 டிகிரி-மீட்டர். அடர்த்தி 1025, தன்வெப்பம் 4000 என்று வைத்தால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 72, 75, 75 கிலோஜூல். தொகையீட்டில் ஸ்ப்ளைனின் மேடும் பள்ளமும் ஓரளவு அடிபட்டுப் போகின்றன. சரிவு, கலப்பு அடுக்கு, தலைகீழ் மூன்றிலும்தான் குட்டு வெளிப்படும்.

பதில் 2: ஆர்கோ (கடலில் தானாக மூழ்கி எழுந்து அளக்கும்) மிதவைத் தரவையும் சேர்ப்பதானால்: அதில் இருப்பது அழுத்தம், டெசிபாரில்; 1000 டெசிபார் ஏறத்தாழ 992 மீட்டர்தான். தரக்குறி 1, 2 (நல்லது, நல்லதாக இருக்கலாம்) மட்டும் எடுங்கள். விடுபட்ட இடத்தில் 99999 இருக்கும், அதை நீக்காமல் ஓட்டினால் வளைவு வானத்துக்குப் போகும். ஆழம் ஏறுவரிசையில், ஒரே மதிப்பு இருமுறை வராமல் இருக்கவேண்டும். சைபையின் பிசிப் கேட்காமலே 100 மீட்டருக்குக் கீழும் நீட்டிக் கொடுக்கும். இப்படித் தரவுக்கு வெளியே நீட்டும் புறச்செருகல் (extrapolate) அமைப்பை அணைத்துவிடுங்கள்.