ரீல் மாறும் இடங்களில் சப்டைட்டில் நழுவுகிறது: 1938 படம், உதவி தேவை

படம்: 'எ ஸ்லைட் கேஸ் ஆஃப் மர்டர்', எட்வர்ட் ஜி. ராபின்சன் நடித்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்ததும் கள்ளச்சாராய தாதா நேர்மையான பீர் வியாபாரியாகிறான். அந்தப் பீர் வாயில் வைக்க முடியாத கண்றாவி என்று அவனிடம் சொல்லத்தான் ஆளில்லை.

வீடியோ நொடிக்கு 25 பிரேம், நீளம் சுமார் 81 நிமிடம். தமிழ் எஸ்ஆர்டி ஃபைல் (சப்டைட்டில் வரிகளும் அவை தோன்றும் நேரங்களும் உள்ளது) 23.976 பிரேம், 85 நிமிடப் பதிப்புக்குச் செய்தது. நேரங்களை 0.959 ஆல் (23.976 ÷ 25) பெருக்கியதும் முதல் 18 நிமிடம் கச்சிதம். 18:40-ல் சப்டைட்டில் வசனத்துக்கு 1.2 நொடி பிந்துகிறது. 37-ஆவது நிமிடத்தில் 2 நொடி, 55-ல் மூன்றரை. இடைவெளியைப் பார்த்தால் ரீல் ஒட்டுகள்தான். தேய்ந்த பிரிண்டில் ஒவ்வொரு ரீலின் முனையிலும் சில பிரேம்கள் போயிருக்கும். அலமாரிப் பிணங்கள் காட்சியில் கதவைச் சாத்திய பிறகுதான் சப்டைட்டில் வருகிறது. நகைச்சுவை அத்தோடு செத்தது.

செய்து பார்த்தவை: 'சப்டைட்டில் எடிட்' மென்பொருளில் முதல் வரி, கடைசி வரி இரண்டையும் பொருத்தினேன், நடுவில் கெட்டது. ஒலியைக் கேட்டுத் தானே பொருத்தும் எஃப்எஃப்சப்சிங்க் மொத்தமாகத்தான் நகர்த்துகிறது. அலாஸ் (சப்டைட்டிலைத் துண்டுகளாக வெட்டித் தனித்தனியே நகர்த்தும் மென்பொருள்), ஸ்ப்ளிட் பெனால்டி (கூட்டினால் வெட்டுகள் குறையும் அமைப்பு) 7-ல், பதினோரு இடத்தில் வெட்டியது. பழைய மோனோ ஒலியின் இரைச்சலைப் பேச்சென்று எடுத்துக்கொள்கிறது போல. 20-ல் ஒரு வெட்டுகூட இல்லை.

இந்த மூன்று இடத்தில் மட்டும் அலாஸ் வெட்ட, ஒலியை முதலில் எப்படிச் சுத்தம் செய்து, பெனால்டியை எவ்வளவில் வைக்க வேண்டும்?