டெஸ்ட் மெஷின்களை ராத்திரி தானாக நிறுத்த கட்டளை வரியில் என்ன வழி? (ஏடபிள்யூஎஸ்)

சத்துவாச்சாரி_டெவ்:
வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் அலுவலகம், சின்னதுதான். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்கு ஸ்டாக் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில், மும்பை ரீஜனில் (டேட்டா சென்டர் பகுதி) வாடகைக்கு ஆறு மெஷின் ஓடுகிறது. ஒன்று வாடிக்கையாளர்களுக்கானது, அதை நிறுத்தவே கூடாது. மீதி ஐந்தும் டெஸ்டிங். ராத்திரி 9 மணிக்கு மேல் அவற்றை யாரும் தொடுவதில்லை, ஞாயிறும் வேலை இல்லை, ஆனாலும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கிறது. காட்பாடியில் ரயில் பிடிக்க ஓடுகிற பிள்ளைகளை நிறுத்தி, கன்சோலைத் திறந்து ஒவ்வொன்றாக ஸ்டாப் கொடுத்துவிட்டுப் போ என்று தினமும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அலுவலக கம்ப்யூட்டரில் ஒரு கிரான் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டுவது) போட்டால் போதுமா? காலையில் திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஐபி முகவரி மாறிவிடுகிறது, அதற்கும் வழி வேண்டும்.

காட்பாடி_லினக்ஸ்:
அலுவலக கம்ப்யூட்டரில் மட்டும் வேண்டாம் சார். 9 மணிக்குக் கரண்ட் இல்லை என்றால் அன்று ராத்திரி முழுக்க ஐந்தும் ஓடும், சனிக்கிழமையாக இருந்தால் திங்கள் வரைக்கும். எப்போதும் ஓடுகிற அந்த ஆறாவது மெஷினிலேயே கிரானைப் போடுங்கள்.

முதலில் டெஸ்ட் மெஷின் ஐந்துக்கும் ஒரே டேக் (பெயரும் மதிப்பும் கொண்ட அடையாளச் சீட்டு) ஒட்டுங்கள், 'இரவுநிறுத்தம்' என்பது மாதிரி ஏதாவது. ஸ்கிரிப்ட்டில் ஐடிகளை எழுதி வைக்காதீர்கள், நாளைக்கு ஏழாவது மெஷின் வந்தால் அதில் சேர்க்க யாருக்கும் ஞாபகம் இருக்காது. மெஷின் பட்டியலைத் தரும் டிஸ்கிரைப்-இன்ஸ்டன்சஸ் கட்டளைக்கு அந்த டேகையும், ஓடிக்கொண்டிருக்கும் நிலையையும் ஃபில்டராகக் கொடுத்து, குவெரியில் ஐடியை மட்டும் டெக்ஸ்ட்டாக எடுத்து, எக்ஸ்ஆர்க்ஸ் (ஒரு கட்டளையின் பதிலை அடுத்த கட்டளைக்குத் தருவது) வழியாக ஸ்டாப்-இன்ஸ்டன்சஸுக்கு அனுப்பினால் வேலை முடிந்தது. எக்ஸ்ஆர்க்ஸுக்கு ஆர் சுவிட்ச் (-r) போட மறக்காதீர்கள், இல்லையென்றால் எல்லாம் ஏற்கெனவே நின்றிருக்கிற அன்று வெறும் கட்டளை ஓடி எர்ரர் அடிக்கும்.

நேரத்தைக் கவனியுங்கள். கிளவுட் மெஷினில் கடிகாரம் பெரும்பாலும் யுடிசியில்தான் (உலகப் பொது நேரம்) இருக்கும், நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். ராத்திரி 9 என்றால் கிரானில் 15:30, காலை 8:30 என்றால் 03:00. திங்கள் முதல் சனி வரை இப்படி ஓடினால் வாரத்தின் 168 மணியில் 75 மணிக்குத்தான் மெஷின் வாடகை.

ஆனால் பில் அதே விகிதத்தில் இறங்காது சார், நின்றாலும் டிஸ்க்குக்குக் காசு உண்டு. இன்ஸ்டன்ஸ் ஸ்டோர் டிஸ்க் (மெஷினோடு வரும் தற்காலிக டிஸ்க்) வைத்த வகை என்றால் அதில் இருக்கிற டேட்டா ஸ்டாப் செய்தவுடன் போய்விடும், முதலில் அதைப் பாருங்கள்.

ராணிப்பேட்டை_ஆப்ஸ்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் உரிமை விஷயம் விட்டுப்போய்விட்டது, எனக்கு அதுதான் பெரிய கவலை. ஆறாவது மெஷினில் ஆக்சஸ் கீயை (கணக்கின் ரகசியச் சாவி) ஃபைலில் போட்டு வைக்கவே வைக்காதீர்கள். ஒரு ஐஏஎம் ரோல் (எதையெல்லாம் செய்யலாம் என்ற உரிமைத் தொகுப்பு) உண்டாக்கி மெஷினோடு இணைத்துவிட்டால் சிஎல்ஐ (கட்டளை வரிக் கருவி) தானாக அதை எடுத்துக்கொள்ளும். ரோலில் ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டு மட்டும், அதுவும் அந்த டேக் இருக்கிற மெஷினுக்கு மட்டும் என்று கண்டிஷன் போடுங்கள். அப்போதுதான் ஸ்கிரிப்ட்டில் யார் என்ன மாற்றினாலும் வாடிக்கையாளர் மெஷின் நிற்காது. டிஸ்கிரைபுக்கு இப்படி டேக் வைத்துக் கட்டுப்படுத்த முடியாது, அதற்கு மட்டும் நட்சத்திரம் (எல்லா மெஷினுக்கும் என்று பொருள்) கொடுத்தே ஆகவேண்டும்.

முதல் தடவை டிரை-ரன் சுவிட்ச்சோடு ஓட்டுங்கள், எதையும் நிறுத்தாது. உரிமை சரியாக இருந்தாலும் எர்ரர் என்றுதான் காட்டும், பயப்படாதீர்கள். 'டிரைரன்ஆபரேஷன்' என்று வந்தால் நல்லது, 'அன்ஆதரைஸ்டுஆபரேஷன்' என்று வந்தால் ரோலைத் திருத்தவேண்டும்.

ஐபிக்கு எலாஸ்டிக் ஐபி (மாறாத முகவரி) வைக்கலாம், ஆனால் 2024 பிப்ரவரியிலிருந்து பப்ளிக் ஐபிவி4 ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர். எலாஸ்டிக் ஐபி என்றால் மெஷின் நின்றிருந்தாலும் அது ஏறும், மாதத்துக்கு ஒன்றுக்குச் சுமார் 3.65 டாலர். டெஸ்ட் மெஷினுக்கு அது வீண் என்பேன். காலை ஸ்கிரிப்ட்டில் ஸ்டார்ட் கொடுத்ததும் வெயிட் இன்ஸ்டன்ஸ்-ரன்னிங் கட்டளை போடுங்கள், மெஷின் ஓடும் நிலைக்கு வரும்வரை காத்திருக்கும். அப்புறம் புது ஐபியை எடுத்து டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபியோடு இணைக்கும் பட்டியல்) அந்த மெஷினின் பெயருக்கு மாற்றிவிடுங்கள். டிடிஎல் (பழைய ஐபியை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 60 விநாடி வைத்தால் பிள்ளைகள் பெயரை வைத்தே உள்ளே போகலாம், ஐபி என்னவென்றே தெரியவேண்டாம்.

ஆற்காடு_அஸூர்:
மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில் இதைச் செய்ய நினைத்து இந்தப் பக்கம் வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். அங்கே விண்டோஸுக்குள் போய் ஷட்டவுன் கொடுத்தாலும், விஎம் ஸ்டாப் கட்டளை கொடுத்தாலும் மெஷின் நிற்குமே தவிர வாடகை நிற்காது. டீஅலோகேட் (மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடும்) கட்டளைதான் கொடுக்கவேண்டும். சென்னை ரீஜன் நமக்குப் பக்கம்தான், ஆனால் விதி எல்லா ரீஜனிலும் ஒன்றே.

சத்துவாச்சாரி_டெவ்:
எல்லோருக்கும் நன்றி. டேக் ஒட்டிவிட்டேன், ரோலும் தயார், டிரை-ரன்னில் நல்ல எர்ரர் வந்தது. ஒரு சந்தேகம். சனிக்கிழமை ராத்திரி யாராவது 9 மணி தாண்டி வேலை செய்தால்?

ராணிப்பேட்டை_ஆப்ஸ்:
அன்றைக்கு அந்த மெஷினின் டேக் மதிப்பை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், ஸ்கிரிப்ட் அதைத் தொடாது. பழைய மதிப்பைத் திரும்ப வைக்கிற வரியைத் திங்கள் காலை கிரானில் சேருங்கள். ஆனால் அதை இந்த ரோலில் ஓட்டாதீர்கள். டேக் மாற்றும் உரிமை இதற்குக் கிடைத்தால் போட்ட கண்டிஷனுக்கே அர்த்தம் இல்லாமல் போகும்.