புதுப்பிப்பு: பழைய ஈட்ரெக்ஸ் 20-ல் இலவச மேப் ஓடுகிறது

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்மின் ஈட்ரெக்ஸ் 20 என்ற கையடக்க ஜி.பி.எஸ். கருவியில் காசு செலவில்லாமல் மேப் ஏற்றி ஏற்காடு மண்பாதைகளில் சைக்கிள் ஓட்ட முடியுமா என்று கேட்டிருந்தேன் இல்லையா, தாராளமாக முடிகிறது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச இணைய மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் செய்த ஐ.எம்.ஜி. கோப்பை (கார்மின் படிக்கும் மேப் கோப்பு) மைக்ரோ எஸ்டி கார்டில் 'கார்மின்' ஃபோல்டருக்குள் போட்டால் போதும். அதில் இல்லாத எஸ்டேட் பாதையை நாமே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்து சேர்க்கலாம்.

வழி போடுவது வீட்டில், கம்ப்யூட்டரில் கியூமேப்ஷாக் என்ற மேப் மென்பொருளில். முக்கியமான விஷயம் இதுதான்: ரூட்டாக, அதாவது வழியில் உள்ள சில புள்ளிகளாக மட்டும் அனுப்பினால் கருவி தன் இஷ்டத்துக்கு மறுபடி கணக்குப் போட்டு நம்மைத் தார்ச்சாலைக்கு இழுத்துக்கொண்டு போகும், அதையே டிராக்காக, அதாவது முழுக் கோடாக ஜி.பி.எக்ஸ். கோப்பில் (ஜி.பி.எஸ். பாதைகளைச் சேமிக்கும் கோப்பு) ஏற்றினால் போட்ட கோடு போட்டபடி திரையில் நிற்கும், பிரிவில் தப்பாகத் திரும்பினால் அம்புக்குறி கோட்டை விட்டு விலகுவது உடனே தெரியும். ஜூம் 120 மீட்டரில் வைத்தால் எனக்குச் சரியாக இருக்கிறது.

திரை 2.2 அங்குலம்தான், வெயிலில் பளிச்சென்று தெரிகிறது, மரநிழலில் பேக்லைட் வேண்டும். தொடுதிரை இல்லாதது நல்லதாகப் போச்சு, கையுறையோடு பட்டனை அமுக்கலாம். ரெண்டு ஏஏ பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். அப்புறம், மேப்பில் கோடு இருக்கிறதே என்று காப்புக்காட்டுக்குள் போய்விடாதீர்கள், வனத்துறை அனுமதி தனி. மலையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சமஉயரக் கோடுகளை அடுத்து ஏற்றப் போகிறேன், யாராவது ஏற்றியிருந்தால் திரை வேகம் குறைகிறதா என்று சொல்லுங்கள்.